தண்ணீரில் பழுத்த தக்காளியும் தக்காளிதான்

மாடியில் வாளித் தண்ணீரில் தக்காளி வளர்க்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அநேகமாக எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் வருகிறது: “அது கெமிக்கல்ல வளர்ந்ததாச்சே, ருசி இருக்காதே.” சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், உடம்புக்கே ஆகாது என்று எச்சரிக்கிறார்கள். மண்ணைத் தொடாத செடியின் பழத்தில் மணமும் இருக்காது, சத்தும் இருக்காது என்பதில் இயற்கை வேளாண்மை ஆர்வலர், காய்கறிக் கடைக்காரர், சமையலில் கைதேர்ந்த பாட்டி எல்லோருக்கும் ஒரே கருத்து. இவ்வளவு பேர் ஒத்துக்கொண்ட இந்தக் கருத்து அடிப்படையிலேயே பிழையானது. இதனால் இழப்பு யாருக்கு என்றால், கைப்பிடி மண்கூட இல்லாத அடுக்ககங்களில், நாலு மணி நேர வெயில் விழும் பால்கனியோடு வாழ்கிறவர்களுக்கு. தொடங்கும் முன்பே அவர்களுடைய கையைக் கட்டிப்போடுகிறது இந்தப் பேச்சு.

ஒரு தக்காளிப் பழத்தின் எடையில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பங்கு சர்க்கரை, புளிப்பைத் தரும் சிட்ரிக், மாலிக் அமிலங்கள், நார், சிவப்பைத் தரும் லைகோபீன். இவற்றில் ஒன்றுகூட மண்ணிலிருந்து வருவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் கொண்டு வெயிலின் துணையோடு இலைதான் சர்க்கரையைச் செய்கிறது. அமிலங்களும் நிறமிகளும் மணம் தரும் ஆவிப்பொருள்களும் செடிக்குள்ளேயே அதிலிருந்து உருவாகின்றன. மண் கொடுப்பது தாது உப்புகளை மட்டும். பழத்தின் எடையில் அவற்றின் பங்கு ஒரு சதவீதத்தைத் தொடுவதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியும் இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். ஐந்தாண்டு கழித்து மரத்தின் எடை 169 பவுண்டைத் தாண்டியிருந்தது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். அவர் இறந்த பிறகு 1648இல் இந்தச் சோதனை அச்சில் வந்தது. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டியது தவறு. காற்றின் பங்கு அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்பதை அந்த 2 அவுன்ஸ் காட்டிவிட்டது.

அந்தச் சிறு அளவுத் தாதுக்களாவது மண்ணிலிருந்து வந்தால்தானே உயிருள்ளவையாக இருக்கும் என்பது அடுத்த வாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய விஞ்ஞானிகளே இப்படித்தான் நம்பினார்கள். மட்கிய இலைதழையைச் செடி நேரடியாக உண்கிறது என்பது அன்றைய பாடம். ஜெர்மனியில் கார்ல் ஸ்ப்ரெங்கெலும், அவரைத் தொடர்ந்து 1840இல் லீபிக்கும் அந்தப் பாடத்தைத் தகர்த்தார்கள். 1860களில் யூலியுஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் க்னோப்பும் உப்புகள் கரைத்த வெறும் நீரிலேயே செடிகளைப் பூக்கவும் காய்க்கவும் வைத்துக் காட்டினார்கள். செடிக்குத் தேவையான தாதுக்கள் 14; அவை வேருக்குள் நுழைவது நீரில் கரைந்த அயனிகளாக. இதுதான் இன்று பள்ளிப் பாடம்.

சாணத்தில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். அது புரதமாகவும் யூரியாவாகவும் கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியமாக்குகின்றன, வேறு சில பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்குகின்றன. தக்காளி வேர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது அந்த நைட்ரேட்டைத்தான். கால்சியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்தால் கிடைப்பதும் அதே நைட்ரேட். ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஆக்சிஜன் அணுக்களும் கொண்ட அந்த அயனியில் மாட்டின் அடையாளமும் இருக்காது, தொழிற்சாலையின் அடையாளமும் இருக்காது. வேரால் இரண்டுக்கும் வேறுபாடு காண முடியாது.

இதன் மறுபக்கத்தை மாடித்தோட்டக்காரர்கள் பலர் கண்ணாரக் கண்டிருப்பார்கள். ‘கெமிக்கல்’ வேண்டாம் என்று வாளித் தண்ணீரில் பஞ்சகவ்யத்தையோ மீன் அமிலத்தையோ ஊற்றினால் சில நாளில் தண்ணீர் நாறுகிறது, வேர் பழுப்பேறி அழுகுகிறது. மண்ணில் அருமையாக வேலை செய்யும் கரைசல் இங்கே செடியைக் கொல்வது ஏன்? அதைச் சிதைத்துத் தரும் நுண்ணுயிர்க் கூட்டம் வாளியில் போதிய அளவில் இல்லை. இருக்கும் கொஞ்சமும் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. இயற்கை உரமும் உப்பாக மாறிய பிறகே செடிக்கு உணவாகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

கோட்பாடு பேசியது போதும், நாக்கு என்ன சொல்கிறது என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அந்தச் சோதனையும் நடந்து முடிந்த ஒன்று.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெரிக்கி 1929 முதல் நீர்த்தொட்டிகளில் பயிர் வளர்ப்பதைப் பற்றி எழுதத் தொடங்கினார். அவருடைய தக்காளிக் கொடிகள் 25 அடி உயரம் போயின. ஏணி வைத்துப் பழம் பறிக்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. இனி நிலமே வேண்டாம், அடுக்குமாடிகளின் உச்சியிலேயே நாட்டுக்குச் சோறு விளையும் என்று அமெரிக்காவெங்கும் பேச்சு. வியாபாரிகள் புகுந்து வாய்க்கு வந்ததைச் சொல்லி உபகரணங்களை விற்றார்கள். இந்தப் பரபரப்பை ஆராய்ந்து உண்மையைச் சொல்லும் பொறுப்பு அதே பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஹோக்லண்டுக்கும் டேனியல் ஆர்னனுக்கும் வந்தது. 1938இல் அவர்கள் வெளியிட்டு, 1950இல் ஆர்னன் திருத்திய சிறு கையேடு இன்றும் இத்துறையின் அடிப்படை நூல்.

அந்தக் கையேட்டை எழுதியவர்கள் நீர்வழி வேளாண்மைக்குக் கொடி பிடித்தவர்கள் இல்லை. நல்ல மண்ணைவிட நீர்த்தொட்டி இயல்பிலேயே அதிக விளைச்சல் தரும் என்ற கூற்றை அவர்கள் ஏற்கவில்லை. அற்புதம் எதுவும் இதில் இல்லை என்றே எழுதினார்கள். அதனாலேயே அவர்களுடைய இன்னொரு முடிவுக்குக் கனம் கூடுகிறது. வளமான மண்ணிலும் மணலிலும் நீர்க்கரைசலிலும் தக்காளி வளர்த்து ஒப்பிட்டதில் பழங்களின் தாதுச்சத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சுவையையும் பொதுத் தரத்தையும் சோதித்தபோது எது மண்ணில் விளைந்தது, எது நீரில் விளைந்தது என்று தொடர்ச்சியாக யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே தீர்ந்த வழக்கு இது.

அப்படியானால் இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதை மறைத்தால் வாதம் நேர்மையாக இருக்காது. நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடங்களில் 1970களிலிருந்து தக்காளியை, பாறையை உருக்கி நூற்ற பாறைக் கம்பளியில் வளர்க்கத் தொடங்கினார்கள். எடைக்கும் உறுதிக்கும் ஏற்ற வகைகளையே தேர்ந்தெடுத்தார்கள். அவற்றை வாங்கிய முக்கியச் சந்தை ஜெர்மனி. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் அந்தப் பழத்துக்கு ‘தண்ணீர்க் குண்டு’ என்று பெயர் வைத்து ஒதுக்கினார்கள். விற்பனை சரிந்தது. டச்சு விவசாயிகள் என்ன செய்தார்கள்? பாறைக் கம்பளியைத் தூக்கி எறிந்துவிட்டு மண்ணுக்குத் திரும்பவில்லை. வகையை மாற்றினார்கள். கொத்தோடு வெட்டி விற்கும் தக்காளி, செர்ரித் தக்காளி என்று சுவைக்காகத் தேர்ந்த வகைகளுக்கு மாறி, செடியிலேயே இன்னும் பழுக்கவிட்டுப் பறித்தார்கள். இழந்த பெயர் மீண்டது. வேருக்குக் கீழே அதே பாறைக் கம்பளிதான் இருந்தது.

சுவையைத் தீர்மானிப்பவை வகை, வெயில், பறிக்கும் பருவம், பறித்த பின் வைத்திருக்கும் விதம். இந்த நான்கையும் பற்றிக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் தெளிவான ஆய்வுகள் வந்துள்ளன. காம்பருகே கரும்பச்சைத் ‘தோள்’ உள்ள காய்கள் சீராகப் பழுப்பதில்லை என்று, ஒரே சீரான வெளிர்பச்சைக் காய்களையே தாவர வளர்ப்பாளர்கள் சுமார் 70 ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். அந்தத் தோளின் பச்சைக்குக் காரணமான மரபணு காய்க்குள்ளேயே சர்க்கரை உண்டாக உதவுகிறது என்றும், சீரான நிறத்துக்காக அதைப் பறிகொடுத்துவிட்டோம் என்றும் 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீ குழு 2017இல் அதே இதழில் 398 தக்காளி வகைகளின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து, மணம் தரும் பல ஆவிப்பொருள்கள் நவீன வகைகளில் குறைந்துபோயிருப்பதைப் பட்டியலிட்டது. அந்த நவீன வகைகளில் பெரும்பகுதி உலகெங்கும் மண்ணில்தான் விளைகின்றன.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பிகேஎம்-1 வகை, தேனி அருகேயுள்ள அன்னஞ்சியின் உள்ளூர்த் தக்காளியிலிருந்து சடுதிமாற்றத்தைத் தூண்டி உருவாக்கப்பட்டது. தட்டையான உருண்டை, எடுப்பான பச்சைத் தோள். ரசத்துக்கு நாட்டுத் தக்காளிதான் என்று தேடி வாங்குகிறவர்கள் கேட்பது இந்தக் குணத்தைத்தான். அதே விதையைக் கரைசலில் வளர்த்தாலும் பச்சைத் தோளோடுதான் காய்க்கும். மரபணு தொட்டியைப் பார்த்து மாறுவதில்லை.

சந்தைக்கு வரும் பழமோ மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் லாரியில் வருகிறது. வழியில் நசுங்காமல் இருக்கச் செங்காயாகவே பறித்துவிடுகிறார்கள். வாங்கி வந்தவுடன் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறோம். 5 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைத்த தக்காளி, மணம் உண்டாக்கும் மரபணுக்களின் செயல்பாட்டை இழக்கிறது. வெளியே எடுத்து வைத்தாலும் முழுமையாக மீள்வதில்லை என்று 2016இல் நிரூபித்தார்கள். மண்ணில் விளைந்து, செங்காயாகப் பறித்து, குளிரில் கிடந்த பழத்தைத் தின்றுகொண்டே, மாடியில் சிவக்கச் சிவக்கப் பழுத்துப் பறித்த பத்தாவது நிமிடம் ரசத்தில் விழும் பழத்துக்கு ருசியில்லை என்று சொல்வதில் நியாயம் எங்கே இருக்கிறது?

இன்னும் ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எதிர்த்தரப்பின் காதில் விழுவதே இல்லை. கரைசலில் உப்பின் செறிவைச் சற்றுக் கூட்டினால் வேர் நீரை உறிஞ்சுவது கடினமாகிறது. பழத்துக்குள் போகும் தண்ணீர் குறைகிறது, சர்க்கரையும் அமிலமும் செறிவாகின்றன. சிசிலியின் பக்கினோ தக்காளிக்கும் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத் தக்காளிக்கும் கிடைத்த இனிப்புப் பெயருக்கு அங்குள்ள உவர்நீர் ஒரு முக்கியக் காரணம். பழம் சிறுக்கும், எடை குறையும், அது விலை. கிலோ கணக்கில் விற்கும் விவசாயிக்கு அந்த விலை கட்டாது. வீட்டுக்கு வளர்ப்பவருக்குக் கட்டும். மண்ணில் இதைச் செய்தால் உப்பு தங்கி நிலம் கெடும். வாளியில் அளவுமானியைப் பார்த்து இன்று கூட்டி, செடி வாடினால் நாளை குறைக்கலாம். சுவையைக் கையில் பிடித்து நடத்தும் வசதி மண்ணைவிட நீரில்தான் அதிகம்.

நைட்ரேட் பழத்தில் தேங்கி உடம்பைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. நைட்ரேட் தேங்கும் வாய்ப்பு உள்ளவை கீரைகள். வேரிலிருந்து ஏறும் நீர்க்குழாய் வழியே அது இலைக்குப் போகிறது. தக்காளிப் பழத்தை நிரப்புவது பெரும்பாலும் இலையிலிருந்து இறங்கும் சர்க்கரைச் சாறு. அதில் நைட்ரேட் சொற்பம். பூச்சிமருந்து அச்சம் நியாயமானது, ஆனால் அது மண்ணுக்கும் நீருக்கும் இடையிலான பிரச்சினை இல்லை. இலைச்சுருட்டை வைரஸைக் கொண்டுவரும் வெள்ளை ஈ மாடிக்கும் வரும். நாலு செடிக்கு வலை கட்டி, மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டு, தினமும் இலையைத் திருப்பிப் பார்க்க முடியும். நாலு ஏக்கருக்கு முடியாது. மண்ணிலிருந்து வேருக்குத் தாவும் பாக்டீரியா வாடலும் நூற்புழுவும் வாளிச் செடியைத் தேடி வருவது அரிது.

தவிர, மாடித்தோட்டம் போடுகிறவர்கள் ‘மண்’ என்று நம்பிக்கொண்டிருப்பதில் எவ்வளவு மண்? தோட்டக்கலைத் துறை மானியத்தில் வழங்கும் மாடித்தோட்டத் தளையிலேயே முக்கியப் பொருள் தென்னை நார்க்கழிவுக் கட்டிதான். அதில் தாதுச்சத்து மிகக் குறைவு. உரம் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். பொள்ளாச்சியில் அமுக்கிக் கட்டப்படும் அதே நார்க்கழிவு கப்பலேறி வெளிநாட்டுக் கண்ணாடிக் கூடங்களில் மண்ணில்லாத் தக்காளிக்கு ஆதாரமாகிறது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் நார்க்கழிவில் காய்கறி வளர்க்கும் முறையையும் அதற்கான சத்துக் கரைசலையும் உருவாக்கித் தந்திருக்கிறது. நார்க்கழிவுப் பையில் வளர்ந்ததை ‘இயற்கை’ என்றும் பக்கத்து வாளியில் வளர்ந்ததைச் ‘செயற்கை’ என்றும் பிரிக்கும் கோடு வெறும் பழக்கத்தால் போடப்பட்டது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் சுவையைப் பற்றியதே அல்ல. மண்ணைப் பேணுவதுதான் வேளாண்மையின் அறம், மண்ணை விட்டு விலகும் முறை அந்த அறத்தையும் விட்டு விலகுகிறது என்பது அது. ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் காரணத்தால் நீர்வழிப் பயிருக்கு ‘ஆர்கானிக்’ முத்திரை தருவதில்லை. அமெரிக்காவில் 2017 நவம்பரில் தேசிய ஆர்கானிக் தரநிர்ணய வாரியம் இதே கேள்வியில் பிளவுபட்டு, தடை செய்யும் தீர்மானத்தை 8க்கு 7 என்ற கணக்கில் நிராகரித்தது. விவசாய நிலத்தைப் பற்றிய அந்த அக்கறை மதிக்கத்தக்கது. தஞ்சையின் வண்டலை விட்டுவிட்டுத் தொட்டியில் நெல் போடலாம் என்று யாராவது சொன்னால் முதலில் எதிர்க்க வேண்டியது மண்ணில்லா விவசாயத்தை அறிந்தவர்களே. ஆனால் மூன்றாவது மாடியில் பேணுவதற்கு எந்த மண் இருக்கிறது? அங்கே போட்டி வாளிக்கும் வயலுக்கும் இடையில் இல்லை. வாளிக்கும் வெறும் சிமெண்ட் தரைக்கும் இடையில்.

இது பணக்காரரின் வெளிநாட்டுப் பொழுதுபோக்கு என்பதும் சரியல்ல. 1946இல் வங்காளத்தின் காலிம்பாங்கில் ஷோல்டோ டக்ளஸ் தொடங்கிய சோதனைகளின் நோக்கமே, விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் சாதாரண இந்தியக் குடும்பம் ஜல்லியிலும் மணலிலும் காய்கறி வளர்க்க வேண்டும் என்பது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி வகுத்த முறைக்கு மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். மூடிய வாளியில் கரைசல் இறங்க இறங்க மேலே உருவாகும் காற்றிடைவெளியில் வேர்கள் மூச்சு விடுகின்றன. தக்காளிக்கு 20 லிட்டர் வாளியாவது தேவை. காய்க்கும் காலத்தில் செடி நாளுக்கு ஒன்றிரண்டு லிட்டர் குடித்துவிடும். திரும்ப நிரப்பும்போது பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கிவிடும். அவ்வளவே நுட்பம்.

விமர்சிக்க விரும்புகிறவர்களுக்கு உண்மையான குறைகள் இருக்கின்றன. அவற்றைப் பேசட்டும். தக்காளி விலை ஏறும்போதெல்லாம் ‘இனி கடைக்கே போக வேண்டாம்’ என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்துக் கருவிகள் விற்கிறார்கள். 2023 ஜூலையில் சென்னையில் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்க நேர்ந்தபோது அந்தப் பேச்சு உச்சத்தில் இருந்தது. இரண்டு வாளிச் செடி ஒரு பருவத்தில் சில கிலோ தரும். அதனால் மாதச் செலவு குறையும் என்பது பொய். இரண்டாவது குறை வெப்பம். இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத சித்திரை, வைகாசியில் பூ உதிரும். பகலில் 32ஐத் தாண்டினால் லைகோபீன் சரியாக உருவாகாமல் பழம் மஞ்சளித்து நிற்கும். மண்ணிலும் இதே கதைதான், ஆனால் வெயிலில் காயும் வாளிக்குள் தண்ணீரும் சூடேறி ஆக்சிஜனை இழப்பதால் வேர் அழுகல் கூடுதலாக வரும். மூன்றாவது, தண்ணீர். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு (டிடிஎஸ்) 1000ஐத் தாண்டுகிறது; உரம் போடும் முன்பே அதில் வேண்டாத உப்பு நிறைந்திருக்கிறது.

தோற்றவர்களில் பலர் தோற்றது இந்த இடங்களில்தான். யூரியாவையும் டிஏபியையும் கரைத்து ஊற்றியிருப்பார்கள். நுண்ணுயிர் இல்லாத நீரில் யூரியா செடிக்கு எளிதில் எட்டாது. கடையில் கிடைக்கும் 19:19:19 மட்டும் போட்டிருப்பார்கள்; அதில் கால்சியம் இல்லாததால் காயின் அடி கறுத்திருக்கும். பழி மட்டும் ‘மண் இல்லாததன்’ மேல் விழுந்திருக்கும். கால்சியம் நைட்ரேட் ஒரு பாத்திரத்திலும், பொட்டாசியம், பாஸ்பேட், எப்சம் உப்பு, நுண்சத்துக்கள் இன்னொன்றிலுமாகத் தனித்தனியே கரைத்து, பிறகு வாளி நீரில் கலக்கும் முழுமையான கரைசல்தான் தக்காளிக்கு வேண்டும். கார அமிலநிலை 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருந்தால் போதும்.

இந்தக் கட்டுரையையும் நம்ப வேண்டியதில்லை. ஐப்பசியில் பிகேஎம்-1 விதைப் பொட்டலம் ஒன்றை வாங்கிக் குழித்தட்டில் போடுங்கள். மழைநீரை டிரம்மில் பிடித்து வையுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு நாற்றுகளில் ஒன்றைச் செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பிய தொட்டியிலும், இன்னொன்றை வெள்ளை அடித்து வெளிச்சம் புகாமல் மூடிய வாளியிலும் நடுங்கள். இரண்டும் ஒரே வெயிலில் நிற்கட்டும். மார்கழிக் குளிரில் பூக்கும், மாசிக்குள் பழுக்கும். இரண்டிலும் நன்றாகச் சிவந்த பழத்தை ஒரே காலையில் பறித்து, துண்டு போட்டு, எது எங்கே விளைந்தது என்று சொல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் கொடுங்கள். ருசி இல்லை என்று முதலில் சொன்னவர் யாரோ, அவருக்கே முதல் துண்டைக் கொடுங்கள்.